ஏரியைக் கடந்த மார்க் டூ

தம்பிங்களா, அந்த ஓரமா சாவியைச் சுழட்டிக்கினு உக்காந்திருக்கற தங்கச்சி, எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. எனக்கு மைக் புடிச்சுப் பேசற பழக்கம் இல்லை. "அண்ணன் ஸ்டீரிங்கை விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு, புதுசா டாக்ஸி ஓட்ட வந்த பசங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும்"னு பொன்னேரி ஸ்டாண்டு ஆளுங்க இஸ்துக்கினு வந்துட்டாங்க. நாலெல்லாம் எங்கிட்ட கெடையாது. ஒண்ணுதான் இருக்கு, அதுவும் தண்ணியில நனைஞ்சது.

வெளிய உங்க வண்டிங்களைப் பாத்தேன். ஏசி இருக்கு. வழி சொல்றதுக்கு உள்ளயே ஒரு அம்மா இருக்காங்க. நீங்க தப்பா திரும்பினாலும் கோவப்படாம மறுபடியும் மொதல்லேந்து சொல்றாங்க. எங்க ஊட்ல அந்த மாதிரி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் ஓட்டினது அம்பாசிடர். சிரிக்காதீங்கடா. சீமையில ஒரு குடும்பக் கார் ஓடிக்கினு இருந்துச்சாம். அவங்க அதைப் போதும்னு கை கழுவற நேரத்துல, அச்சு, மிஷினு எல்லாத்தையும் இங்க கொண்டாந்து நம்ம ஆளுங்க செய்ய ஆரம்பிச்சாங்க. சீமைக்காரன் மறந்தே போயிட்டான், நாம உடவே இல்லை. மொதல்ல வந்ததுக்கு வெறும் அம்பாசிடர்னுதான் பேரு. மார்க் டூ வந்தப்புறம்தான் அதை மார்க் ஒன்னுன்னாங்க. ரெண்டாவது புள்ளை பொறந்ததும் மொதப் புள்ளை 'பெரியவன்' ஆவறாப்ல. மார்க் டூவுக்கு மூஞ்சில கட்டம் கட்டமா கிரில். அப்புறம் த்ரீ, ஃபோருன்னு வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் மூஞ்சியை மட்டும் கழுவிப் பொட்டு வெச்சு அனுப்புவாங்க, உடம்பு அதே உடம்புதான்.

முன் சீட்டு பெஞ்சு மாதிரி நீட்டா இருக்கும். கியர் ஸ்டீரிங் பக்கத்துலயே. ஹெட்லைட்டை டிம் பண்ண கால்ல மிதிக்கணும். பேட்டரி படுத்துச்சுன்னா முன்னாடி ஹாண்டில் போட்டுச் சுத்தணும். மே மாசத்துல பெட்ரோல் பம்ப் சூடாயி மக்கர் பண்ணும், ஈரத்துணி போட்டு அதைத் தடவிக் குடுக்கணும். உள்ள எத்தினி பேரு உக்காரலாம்னு வண்டியைப் பாத்துச் சொல்ல முடியாது, குடும்பத்தைப் பாத்துத்தான் சொல்லணும்.

நான் ஓட்டின மார்க் டூ, பழவேற்காட்டுல ஒரு பாயோடது. பரம்பரையா யாவாரம் பண்ற குடும்பம். எறா, கருவாடு எல்லாம் வாங்கி மெட்ராசுக்கு அனுப்புவாரு. அந்தக் காரைப் பெத்த புள்ளை மாதிரி பாத்துப்பாரு. ஏரிக்கரையில நிறுத்தினா உப்புக்காத்து பட்டு துரு புடிக்கும்னு, வண்டிக்கு மட்டும் ஒரு ஓலைக்கொட்டாய். சாவி குடுக்கறப்ப ஒரே வார்த்தைதான் சொல்வாரு: "டேய், ஏரித்தண்ணி ஒரு சொட்டு இது மேல பட்டுச்சு, நாளைக்கு நீ நடந்து போவணும்."

இப்ப விஷயத்துக்கு வரேன்.

ஏரிக்கு அந்தாண்ட, கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல மணல்திட்டு மேல ஒரு ஊரு. அப்ப பாலம் கெடையாது. போட்டுல ஏறித்தான் போவணும். அந்த ஊரு எல்லப்பனுக்குக் கல்யாணம். ஏரிக்குள்ள நடந்து, சேத்தைத் தடவி, கையாலயே எறா நண்டு புடிக்கற குடும்பம். புடிக்கறதெல்லாம் நம்ம பாய்கிட்டதான் போடுவாங்க. பொண்ணு கோவிந்தம்மா, திருப்பாலைவனம். சொந்தக்காரங்கதான், ஆனா பாட்டன் காலத்துலயே ஏரியை உட்டு நெல்லு நடவுன்னு போயிட்டாங்க.

கோவிந்தம்மாவுக்கு எல்லப்பனைப் புடிச்சுப் போச்சு. தண்ணிதான் புடிக்கலை. சின்ன வயசுல கழனிக் கிணத்துல விழுந்து, முடியைப் புடிச்சுத் தூக்கி எடுத்த பொண்ணு. அதுலேந்து அதுக்குத் தண்ணின்னாலே அடி தெரியாத கிணறுதான். "நைனா, கல்யாணம் பண்ணிக்கறேன். போட்டு மட்டும் ஏற மாட்டேன்"னு அப்பாகிட்ட சொல்லிடுச்சு. போட்டு ஏறாம அந்த ஊருக்கு எப்டிப் போறது? ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடலு. மாப்ள ஊர்ல தாலி கட்டறதுதான் அவங்க வழக்கம், அதை மாத்த முடியாதுன்னுட்டாங்க. பேச்சு முறிஞ்சு போற நெலைமை. எல்லப்பன் எறா கூடையோட பாய் ஊட்டு வாசல்ல வந்து நின்னு அழுவான். பெரிய ஆம்பளை, பாவமா இருந்துச்சு.

யோசனை சொன்னது அந்தப் பொண்ணேதான். "கார்ல வேணா வரேன். காரைத் தூக்கி அந்தப் போட்டு மேல வெச்சுக்குங்க. நான் கார்ல போறதாத்தானே ஆவும்?"

எல்லாரும் சிரிச்சாங்க. பாய் மட்டும் சிரிக்கலை. தாடியைத் தடவிக்கினே, "அந்த ஊர்ல இதுவரைக்கும் எந்தக் காராவது போயிருக்கா?"ன்னாரு. இல்லைன்னாங்க. அவ்ளோதான், பாய் உழுந்துட்டாரு. அந்த ஊரு மண்ணை மிதிச்ச மொத காரு யாருதுன்னா, பாயோடதுன்னு இருக்கணும் இல்ல!

கிளிஞ்சல் ஏத்தற பெரிய படகு ரெண்டை ஜோடியாக் கட்டினாங்க. குறுக்க சவுக்குக் கட்டை, அது மேல தடிப் பலகை. பொண்ணழைப்பு அன்னிக்குக் காலையில வெறும் வண்டியை ஒரு தபா ஏத்தி எறக்கிப் பாத்துட்டோம். படகுக்குப் பெரிய ஆளு கோட்டின்னு ஒருத்தரு. ஏரியோட ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவருக்குத் தெரியும். "தண்ணி இப்ப ஏறி நிக்குது. மதியத்துக்கு மேல முகத்துவாரம் வழியா கடலு தண்ணியை இஸ்துக்கும். உடனே கெளம்பணும்"னாரு.

கரைக்கு வந்து எறங்கின பொண்ணு ஊட்டுக்காரங்க பஞ்சாங்கத்தைக் காட்டினாங்க. வியாழக்கிழமை மதியம் ராகுகாலம். ராகுகாலத்துல பொண்ணை எப்டி அனுப்பறது?

"ராகு முடியறவரைக்கும் தண்ணி காத்துக்கினு இருக்காதுபா" - கோட்டி.

"தண்ணிக்காக ராகுவும் ஒதுங்கிப் போவாது" - பொண்ணோட நைனா.

நெல்லுக்காரங்களுக்குப் பஞ்சாங்கம், ஏரிக்காரங்களுக்குத் தண்ணி. நடுவுல நான் சாவியை வெச்சுக்கினு நிக்கறேன். கடைசில நைனாதான் ஜெயிச்சாரு. ராகுகாலம் கழிஞ்சு, சாங்கியம் எல்லாம் முடிச்சு, பின் சீட்டுல கோவிந்தம்மாவும் அத்தைக்காரியும், முன்னாடி நைனா. பலகை மேல மெதுவா வண்டியை ஏத்தினேன். சக்கரத்துக்குக் கல்லு அண்டக் குடுத்து, கயிறு போட்டுக் கட்டினாங்க. பொண்ணு கார் கூடத்தான் போவோம்னு சொந்தக்காரங்க எல்லாம் சீர்த்தட்டோட படகுல ஏறி நின்னுக்கினாங்க. போதும் எறங்குங்கன்னு கோட்டி கத்தறாரு, யாரு கேக்கறா?

நான் எஞ்சினை நிறுத்தப் போனேன். பின்னாலேந்து நடுங்கற குரலு: "அண்ணே, நிறுத்தாதீங்க. ஓடற சத்தம் வந்துக்கினே இருக்கணும்."

சரின்னு நியூட்ரல்ல ஓடவிட்டேன். கண்ணாடி எல்லாம் ஏத்தியாச்சு. உள்ள வேர்வை கொட்டுது. படகு நகருது. டிரைவர் கண்ணாடியில பின்னால பாத்தா, அந்தப் பொண்ணு இந்தாண்ட அந்தாண்ட எங்கயும் பாக்கலை. என் முதுகையே பாத்துக்கினு இருக்கு.

"அண்ணே, நீங்கதானே ஓட்டறீங்க?"

"ஆமாம்மா, நாந்தான்."

அப்புறம் இன்னா பண்றது, ஓட்டினேன். ஸ்டீரிங்கை அப்டி இப்டி லேசா ஒடிச்சேன். கிளட்சை மிதிச்சு, கியர் போடறாப்ல போட்டு நியூட்ரல்லயே உட்டேன். எதுர்ல பூநாரைக் கூட்டம் நிக்குது, ஆரன் அடிச்சேன். "ஒதுங்க மாட்டேங்குதுங்க பாரு"ன்னு திட்டினேன். நைனா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, அவரும் "ஆமா, பாத்துப் போப்பா, ரோடு மோசம்"னாரு. வெளிய கழி போட்டுத் தள்ளறவங்க சிரிப்பை அடக்க முடியாம தவிக்கறாங்க.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு. எனக்கும் நீச்சல் தெரியாது. நான் பொறந்தது பொன்னேரி. எங்க ஆத்துல பாதி வருஷம் மணல்தான் ஓடும். ஆனா பின்னால ஒருத்தி என் தோளைப் புடிச்சுக்கினுதான் உசுரோட உக்காந்திருக்கா. கையால இல்லை, கண்ணால. தோளை எறக்க முடியுமா? வெறைப்பா உக்காந்துக்கினு ஏரியில வண்டி ஓட்டினேன்.

பாதி ஏரி தாண்டி, அந்தாண்ட ஊரு தெரியுது. மேளக்காரங்க, பந்தலு, கரையில கூட்டம். அப்ப அடியில சரக்குன்னு ஒரு சத்தம். படகு நின்னுபோச்சு. தண்ணி வத்திப்போயி தரை தட்டிடுச்சு. கோட்டி தலையில அடிச்சுக்கினு, நைனாவைப் பாத்து, "உன் ராகுவைக் கூப்புடுய்யா, வந்து தள்ளட்டும்!"னாரு.

"இன்னா அண்ணே, பிரேக் போட்டீங்களா?"

"ஆமாம்மா. எருமை குறுக்க வந்துடுச்சு."

"ஏரியில ஏதுண்ணே எருமை?"

நான் திரும்பவும் ஆரன் அடிச்சேன். படகு ஆளுங்க குதிச்சுத் தள்ளிப் பாத்தாங்க, அசையலை. கோவிந்தம்மா அழ ஆரம்பிச்சுடுச்சு. "நைனா, திரும்பிப் போயிடலாம். எனக்குக் கல்யாணமே வேணாம்." நைனாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. பொண்ணழைப்புல பாதி வழி வந்து திரும்பினா அப்புறம் அந்தப் பேச்சை யாரு எடுப்பாங்க? எறா கூடையோட வாசல்ல நின்னு அழுதவன் மூஞ்சி எனக்கு ஞாபகம் வருது.

அப்ப என் பக்கத்துப் பலகையோரம் ஒரு தலை தெரியுது. தலைப்பாகை கட்டின தலை. கழுத்துல மாலை.

கோவிந்தம்மா ஒரு கத்து கத்துச்சு பாருங்க. "ஐயோ, மாப்ள முழுவறாரு! யாராவது புடிங்களேன்!"

எல்லப்பன் பாவம், மெரண்டு போயி சுத்திமுத்தும் பாத்தான், யாரு முழுவறாங்கன்னு. அப்புறம் அவனையேதான் சொல்றாங்கன்னு புரிஞ்சுது. "நான் எங்கம்மா முழுவறேன்? நின்னுக்கினு இருக்கேன்!"

கரையிலேந்து படகு நின்னதைப் பாத்துட்டு, பந்தலை உட்டு நேரா ஏரிக்குள்ள எறங்கி நடந்தே வந்திருக்கான். அவனுக்கு அது தெரு மாதிரி.

"பொய் சொல்றீங்க" - கண்ணாடியைக் கொஞ்சமா எறக்கி, கோவிந்தம்மா.

"இன்னாத்துக்குப் பொய்? தொடை அளவு கூட இல்லை. உக்காந்தாத்தான் முழுவ முடியும். உக்காந்து காட்டட்டா?"

"வேணாம், வேணாம்!"

அப்புறம் அந்தப் பொண்ணு பண்ணதுதான் எனக்கு இன்னிக்கும் மறக்கலை. கட்டிக்கப் போறவன் சொல்றான், பெத்த நைனா சொல்றாரு, படகுக்காரங்க எல்லாம் சொல்றாங்க. யாரையும் நம்பலை. என் தோளைத் தொட்டு, "அண்ணே, நீங்க சொல்லுங்க. எறங்கலாமா?"

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. கோட்டி கண்ணைக் காட்டறாரு, 'எறங்கலாம்னு சொல்லேன்யா'ன்னு. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா எனக்குத் தெரியாதே! மழைக்காலத்துல ரோடு மேல தண்ணி ஓடுச்சுன்னா நாங்க இன்னா பண்ணுவோம்? வண்டியை ஓரங்கட்டிட்டு, டிரைவர் மொதல்ல எறங்கி அந்தாண்ட வரைக்கும் நடந்து பாப்பான். அப்புறம்தான் வண்டி. 'போவலாம், ஒண்ணும் ஆவாது'ன்னு எதுரே வர்றவன் சொல்லுவான். அவன் வண்டியில ஆளுங்க இல்லை, என் வண்டியில இருக்காங்களே.

"இரும்மா"ன்னேன். செருப்பைக் கழட்டினேன். பேன்ட்டைச் சுருட்டினேன். எஞ்சினை நிறுத்தலை, அந்தப் பொண்ணு கேட்ட சத்தம் ஓடட்டும்னு. கதவைத் தொறந்து, பலகை விளிம்பைப் புடிச்சுக்கினு, எல்லா சாமியையும் கூப்ட்டுக்கினு காலை உட்டேன். போவுது, போவுது, இன்னும் போவுது. அப்புறம் மணலு. பாதத்துக்கு அடியில ஒரு நண்டு குறுகுறுன்னு ஓடுச்சு. கத்தியிருப்பேன். பொண்ணு பாத்துக்கினு இருக்குதேன்னு பல்லைக் கடிச்சுக்கினேன். படகைச் சுத்தி ஒரு நடை நடந்து வந்தேன்.

"எறங்கும்மா. நான் நிக்கறேன்ல?"

பட்டுப்பொடவையைச் செருகிக்கினு, என் கையை ஒரு பக்கம், எல்லப்பன் கையை ஒரு பக்கம் புடிச்சுக்கினு எறங்குச்சு. கண்ணை இறுக்கி மூடிக்கினு இருந்துச்சு. தரை தட்டினதும் ஒரு கண்ணைத் தொறந்து குனிஞ்சு பாத்துச்சு. அப்புறம் இன்னொரு கண்ணு.

"இவ்ளோதானா?"ன்னுச்சு. சிரிப்பும் கோவமும் சேந்து வருது. "நைனா! இதுக்கா நான் இத்தினி நாளா சோறு துன்னாம கெடந்தேன்?"

அவ்ளோதான். அத்தை எறங்கறா, நைனா எறங்கறாரு, சீர்த்தட்டு எல்லாம் தலைமேல ஏறிடுச்சு. ஏரி நடுவுல திருவிழா மாதிரி ஆளாளுக்கு நடக்கறாங்க. நானும் ஒரு வாழைப்பழத் தட்டை வாங்கிக்கினு சந்தோஷமா நடக்கறேன். கொஞ்ச தூரம் போயிருப்பேன், கோட்டி கத்தினாரு பாருங்க, "டேய்! வண்டிடா!"

இத்தினி பேரு எறங்கினதும் பாரம் கொறைஞ்சு படகு மெதந்துடுச்சு. தண்ணி முகத்துவாரத்துப் பக்கம் இஸ்துக்கினு போவுது. பாயோட மார்க் டூ, எஞ்சின் ஓடற சத்தத்தோட, டிரைவர் கதவு தொறந்தபடி, தன்னந்தனியா கடலைப் பாத்துப் போய்க்கினு இருக்கு.

எனக்கு உசுரே போச்சு. பழத்தட்டை ஏரியில போட்டுட்டு ஓடினேன். தண்ணியில எங்க ஓடறது? ரெண்டு எட்டு வெச்சா மூஞ்சி குப்புற உழறேன். ஏரித்தண்ணி ஒரு சொட்டுன்னாரு பாய், இங்க காரே கடலுக்குப் போவுது. படகோட கட்டுக்கயிறு பின்னால தண்ணியில இழுத்துக்கினு போவுது, அதை எட்டிப் புடிச்சது யாருன்னு நெனைக்கறீங்க? கோட்டி இல்லை, எல்லப்பன் இல்லை. கோவிந்தம்மா. பக்கத்துல இருந்தது அதுதான். இடுப்பு அளவு தண்ணியில, கல்யாணப் பட்டோட, கயித்தைத் தோள்ல சுத்திக்கினு காலை ஊனி நிக்குது. நாத்துக்கட்டு தூக்கின தோளு. "நைனா, புடி! அண்ணனோட வண்டி போவுது!"ன்னு கத்துது. தண்ணியில நிக்கறோம்ங்கறதே அதுக்கு ஞாபகம் இல்லை.

எல்லாரும் சேந்து இஸ்து, ஊரு கரையில கொண்டாந்து சேத்தோம். அங்க இருந்த கூட்டத்துக்கு நடந்தது எதுவும் தெரியாது. கார் வந்துச்சா, மேளம் அடிச்சுட்டாங்க. ஆரத்தித் தட்டோட ஓடிவந்து, உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்காமயே காருக்குச் சுத்திப் பொட்டும் வெச்சுட்டாங்க. பொண்ணு பின்னால சொட்டச் சொட்ட நடந்து வருது. பந்தல் வரைக்கும் கார்ல ஏறும்மான்னா, "நான் நடந்தே வரேன்"னுடுச்சு. கடைசில பின் சீட்டுல உக்காந்து ஊர்வலம் வந்தது மாமியாக்காரி. மணல்ல பலகை போட்டுப் போட்டு ஓட்டினேன். அந்தம்மா ரெண்டு பக்கமும் கும்புடு போட்டுக்கினே வந்தாங்க.

பாய்கிட்ட எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன். மூஞ்சி கறுத்துக்கினே வந்துச்சு. கடைசில கேட்டாரு: "அந்த ஊரு மண்ணை மிதிச்சுச்சா இல்லையா?" மிதிச்சுது பாய்ன்னேன். "அப்ப போயி நல்ல தண்ணியில கழுவு"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

அப்புறம் காலம் போச்சு. பாய் மார்க் டூவைக் குடுத்துட்டு மார்க் ஃபோர் வாங்கினாரு, டீசல் வண்டி. சின்னச் சின்ன காருங்க ரோட்டுல வர ஆரம்பிச்ச எண்பதுகள்ல, ஒரு கார்த்திகை மழை. கோவிந்தம்மாவோட நைனாவுக்கு மாரு வலி. திருப்பாலைவனத்துலேந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன். பின் சீட்டுல அவரு தலையை மடியில வெச்சுக்கினு கோவிந்தம்மா. இப்ப ரெண்டு புள்ளைக்குத் தாயி.

ரோடு மேல தண்ணி. லேசாத்தான் இருக்குன்னு உள்ள எறக்கிட்டேன், போவப் போவ ஏறுது. ரெண்டு பக்கமும் ரோட்டோரப் பள்ளம், எது ரோடு எது பள்ளம்னு தெரியலை. நான் எறங்கி நடந்து பாக்கணும். எப்டி எறங்கறது? ஆக்சிலேட்டர்லேந்து காலை எடுத்தா சைலன்சர்ல தண்ணி பூந்து எஞ்சின் நின்னுடும். நின்னா மறுபடியும் எடுக்காது. பின்னால அவரு மூச்சு வாங்கற சத்தம் கேக்குது. அன்னிக்கு என் தோளு எறங்கிடுச்சு, மறைக்க முடியலை.

கோவிந்தம்மா பாத்துடுச்சு போல. அவரு தலையை மெதுவா சீட்டுல சாய்ச்சுட்டு, கதவைத் தள்ளித் தொறந்துச்சு.

"நீ காலை எடுக்காதண்ணே. அன்னிக்கு நீ எறங்கிப் பாத்த இல்ல? இன்னிக்கு நான் பாக்கறேன்."

பொடவையைத் தூக்கிச் செருகிக்கினு, முழங்கால் தண்ணியில வண்டிக்கு முன்னாடி போயி நின்னுச்சு. ஏரிக்காரங்க நடக்கறாப்ல, பாதத்தால தடவித் தடவி நடந்துச்சு. பள்ளம் வர்ற எடத்துல கையை நீட்டி இந்தப் பக்கம் வான்னுச்சு. ஒரு தபா கூட திரும்பிப் பாக்கலை. கிணத்துல விழுந்த பொண்ணு அது. நான் ரோட்டைப் பாக்கலை தம்பிங்களா. அதோட தோளை மட்டும் பாத்துக்கினு, ஃபர்ஸ்ட் கியர்லயே பின்னால போனேன்.

நைனா பொழைச்சுக்கினாரு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ணு முழிச்சதும் அவரு மொதல்ல கேட்டது, "நாம கெளம்பினப்ப ராகுகாலமா?"